கறுப்புக் கோமகன்!

மேடையில் ஏறலாம், மண்டபத்தில் உட்காரக் கூடாது! இசை வழங்கலாம், அந்த இசையைக் கேட்க உற்றார் உறவினரை அழைத்து வரக் கூடாது! கரவொலி பெறலாம்; கைதட்டியவனுக்குப் பக்கத்திலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமரக் கூடாது!

எந்த ஊர்க் கட்டுப்பாடு இது? தோளிலே துண்டு கிடந்ததற்காக நாதசுரக் கலைஞனை முறைத்துப் பார்த்த மிட்டாமிராசுகளின் ஊரோ என்று கேட்கத் தோன்றும், தோழர்களே! அல்ல. இது நியூயார்க்! வானைத் தொடும் மாளிகைகளும், துறைமுகத்து வாயிலிலே விடுதலை மாதின் சிலையும் கொண்ட நியூயார்க்!

1927-ஆம் ஆண்டு, டிசம்பர் 4-ஆம் நாள். அந்த நகரத்திலே கறுப்பு மக்கள் நெருங்கி வாழும் ஹார்லம் பகுதி. அங்கே ‘காட்டன் கிளப்’ என்றொரு கேளிக்கை விடுதி. காட்டன் என்றால் பருத்தி. பெயர் வைத்த திமிரைப் பாருங்கள்! எந்தப் பருத்திக் காட்டிலே கறுப்பு அடிமைகள் சாட்டையடி பட்டுச் சாய்ந்தார்களோ, அந்தப் பருத்தியின் பெயராலே விடுதி. அந்த அடிமைகளின் பேரப் பிள்ளைகள் ஆடவும் பாடவும். வெள்ளைச் சீமான்கள் குடித்துக் களிக்கவும்! மதுவிலக்குச் சட்டம் நடப்பிலிருந்த காலம் அது. விடுதியின் உரிமையாளன் ஓனி மேடன், கள்ளச் சரக்குக் கும்பலின் தலைவன். சட்டத்தை மீறியவனுக்கு மாளிகை. சட்டப்படி பிறந்து, சட்டப்படி உழைத்த கறுப்பனுக்கு அந்த மாளிகையிலே விருந்தினனாக அமர இடமில்லை.

அந்த மேடையிலே, அந்த இரவிலே, தம் பாண்டு வாத்தியக் குழுவுடன் வந்து பியானோவின் முன் அமர்ந்தார் ஓர் இளைஞர். வயது 28. எடுப்பான தோற்றம், மடிப்புக் குலையாத உடை, நிமிர்ந்த தலை. பெயர் எட்வர்டு கென்னடி எல்லிங்டன். சிறுவயதிலேயே, உடையும் நடையும் கண்டு நண்பர்கள் சூட்டிய பெயர் ‘டியூக்’. டியூக் என்றால் கோமகன். பட்டம் கொடுக்க எந்த மன்னனும் வரவில்லை; தெருவிலே விளையாடிய தோழர்கள் கொடுத்த பட்டம் அது. ஆயினும் அரை நூற்றாண்டுக் காலம் அந்தப் பட்டத்துக்கு ஒரு கறையும் படாமல் வாழ்ந்து காட்டினார் அந்த மனிதர்.

அவருடைய கதையை நம் தோழர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். பியானோ வாசித்தவனின் கதை நமக்கு எதற்கு என்று எண்ணாதீர்கள். இழிவு சூழ்ந்த இடத்திலே மானத்தோடு நிற்பது எப்படி, தன்னோடு நிற்பவர்களையும் மானத்தோடு நிற்க வைப்பது எப்படி என்ற பாடம் அதிலே இருக்கிறது.

பலகை எழுதிய கை

1899-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பிறந்தார் எல்லிங்டன். தந்தை ஜேம்ஸ், வெள்ளை மருத்துவர் ஒருவர் வீட்டிலே பணியாளர். அவ்வப்போது குடியரசுத் தலைவரின் வெள்ளை மாளிகை விருந்துகளிலும் தட்டு ஏந்திப் பரிமாறியவர். இதை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம். தாய் டெய்சி. ‘நீ பேறு பெற்ற பிள்ளை, உனக்கு எந்தக் கவலையும் வேண்டாம்’ என்று சொல்லிச் சொல்லியே மகனை வளர்த்தார். நீ தாழ்ந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லும் நாட்டிலே, நீ உயர்ந்தவன் என்று ஒரு தாய் சொன்னார். ஊர் சொன்னதைப் பிள்ளை நம்பவில்லை. தாய் சொன்னதை நம்பினான்!

வீட்டிலே தாயும் பியானோ வாசிப்பார், தந்தையும் வாசிப்பார். பையனுக்கும் ஆசிரியை வைத்தார்கள். அவனுக்கோ பேஸ்பால் பந்தாட்டத்திலேதான் நாட்டம். ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மைதானத்தில் வேர்க்கடலை விற்றான். பிறகு சோடாக் கடையிலே வேலை. அந்த நாட்களிலேதான் தன் முதல் இசைக்கோவையை உருவாக்கினான். அதற்கு அவன் வைத்த பெயரிலும் சோடாவே இருந்தது. அப்போது அவனுக்கு இசையை ஏட்டிலே எழுதத் தெரியாது. பில்லியர்ட்ஸ் ஆடும் கூடத்திலே கூடும் மூத்த பியானோக்காரர்களின் விரல்களைப் பார்த்தான், கேட்டான், கற்றான்.

ஓவியம் வரைவதிலும் கை தேர்ந்தவன். கலைக் கல்லூரியிலே உதவித் தொகை கிடைத்தது; போகவில்லை. விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இறங்கினான். நடனக் கூட்டத்துக்குப் பலகை எழுதச் சொல்லி யாராவது வந்தால், ‘வாத்தியத்துக்கு ஆள் ஏற்பாடு ஆகிவிட்டதா?’ என்று கேட்பான். வாத்தியம் வாசிக்கச் சொல்லி வந்தால், ‘பலகை எழுத ஆள் இருக்கிறதா?’ என்று கேட்பான்! ஒரு கையில் தூரிகை, ஒரு கையில் இசை. உழைத்துப் பிழைக்கும் நம் தோழர்களுக்கு இந்தச் சாமர்த்தியத்தை விளக்கவா வேண்டும்!

1923-இல் நண்பர்களுடன் நியூயார்க் சென்றார். நான்காண்டு சின்னஞ்சிறு விடுதிகளிலே வாசித்தார். அதன் பிறகுதான் நாம் முதலிலே சொன்ன காட்டன் கிளப். அங்கிருந்து வானொலி அவர் இசையை நாடெங்கும் அனுப்பியது. விடுதியின் வாசலிலே காவலாளியை நிறுத்தலாம்; காற்றின் வாசலிலே யாரை நிறுத்துவது? எந்தக் கறுப்புக் குடும்பம் உள்ளே நுழைய முடியாதோ, அந்தக் குடும்பத்தின் கூடத்துக்கே வந்து சேர்ந்தது எல்லிங்டனின் இசை!

பதினைந்து பேர், பதினைந்து குரல்

ஜாஸ் இசை பல்கலைக் கழகத்திலே பிறந்ததல்ல. வயலிலே வேலையின் வலி தெரியாமலிருக்கப் பாடிய பாட்டும், கறுப்பு மக்கள் தேவாலயத்திலே உருகிப் பாடிய பாட்டும், ஊர்வலப் பாண்டின் எக்காளமும் கலந்து, தென்னாட்டு நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலே உருப்பெற்றது. எழுதி வைத்த மெட்டை அப்படியே ஒப்பிப்பதல்ல ஜாஸ். மெட்டைக் கையிலே வைத்துக்கொண்டு, கலைஞன் தன் கற்பனையை அவிழ்த்து விடுவான். நம் நாதசுரக் கலைஞர் நடுநிசியிலே தோடியை விரித்துக்கொண்டே போவாரே, அந்தச் சுதந்திரம்!

இந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு பதினைந்து பேரை ஒன்றாக நடத்த வேண்டும். ஆளுக்கொரு திசையிலே போனால் சந்தைக்கடை. எல்லோரையும் ஒரே அச்சிலே வார்த்தால் பட்டாளம். எல்லிங்டன் இரண்டையும் செய்யவில்லை. ‘முதல் டிரம்பெட், இரண்டாம் டிரம்பெட்’ என்று வாத்தியத்துக்கு எழுதுவது மற்றவர் வழக்கம். இவரோ மனிதனுக்கு எழுதினார்! தாளின் தலைப்பிலே வாத்தியத்தின் பெயர் இராது. கூட்டி, ஹாட்ஜஸ், கார்னி என்று ஆளின் பெயர் இருக்கும். இவன் எந்தச் சுரத்திலே சிறப்பான், எந்த இடத்திலே உறுமுவான், எந்த இடத்திலே உருகுவான் என்று அறிந்து, அவனுக்கென்றே எழுதுவார்.

பப்பர் மைலி என்றொரு டிரம்பெட் கலைஞர். அடைத்துக்கொண்ட குழாயைச் சரி செய்யப் பயன்படும் இரப்பர் கிண்ணத்தை டிரம்பெட்டின் வாயிலே வைத்து மூடியும் திறந்தும், மனிதன் அழுவது போலவும் உறுமுவது போலவும் ஒலி எழுப்புவார். வேறு குழுவாக இருந்தால், ஒழுங்காக வாசி என்று அதட்டியிருப்பார்கள். எல்லிங்டன் அந்த உறுமலையே தம் குழுவின் முத்திரையாக்கினார். ஹாரி கார்னி 1927-இல் 17 வயதுப் பையனாகச் சேர்ந்தார். 47 ஆண்டு, தலைவரின் இறுதி நாள் வரை உடனிருந்தார். ஊர் விட்டு ஊர் போகும்போது தலைவரைக் காரில் வைத்து ஓட்டிச் சென்றவரும் அவரே. 1974 மே மாதம் எல்லிங்டன் மறைந்தார்; அதே ஆண்டு அக்டோபரில் கார்னியும் மறைந்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய பாண்டுக் குழுக்களுக்குக் கெட்ட காலம். ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. எல்லிங்டன் கலைக்கவில்லை. தம் பாடல்களுக்கு வந்த உரிமைத் தொகையை எடுத்துத் தோழர்களின் சம்பளத்துக்குக் கொட்டினார். ஏன்? இன்று எழுதிய இசையை நாளையே அவர்கள் வாசித்துக் கேட்க வேண்டும். அது போதும் அவருக்கு. ‘எல்லிங்டன் வாசிப்பது பியானோ, ஆனால் அவருடைய உண்மையான வாத்தியம் அந்தக் குழு’ என்றார் பில்லி ஸ்ட்ரேஹார்ன்.

யார் இந்த ஸ்ட்ரேஹார்ன்? பிட்ஸ்பர்க் நகரத்து மருந்துக் கடையிலே வேலை பார்த்த இளைஞர். 1938-இல் எல்லிங்டனைச் சந்தித்து வாசித்துக் காட்டினார், வலக்கரமானார். ஹார்லம் போக எந்த இரயிலில் ஏறுவது என்று எல்லிங்டன் வழி சொன்னதை வைத்தே ‘டேக் தி ஏ டிரெயின்’ என்ற பாடலை ஆக்கினார். 1941-இல் வானொலி நிலையங்களுக்கும் பாடலாசிரியர் சங்கத்துக்கும் தகராறு. சங்கத்து உறுப்பினரான எல்லிங்டனின் பாட்டு எதையும் வானொலியில் ஒலிக்க முடியவில்லை. அப்போது கைகொடுத்தது இந்த இளைஞரின் இரயில் பாட்டு. அதன் பிறகு இறுதிவரை அதுவே குழுவின் அடையாளப் பாட்டு. தலைவன் தம் பாட்டைத் தள்ளி வைத்துத் தொண்டனின் பாட்டைக் கொடியாக ஏற்றினார்!

குறையே இல்லாதவரா? அப்படி நாம் சொல்ல மாட்டோம். இர்விங் மில்ஸ் என்ற வெள்ளை மேலாளர் குழுவுக்குப் பல கதவுகளைத் திறந்து விட்டார்; எல்லிங்டன் ஆக்கிய பாடல்களிலே தம் பெயரையும் ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். 1939-இல்தான் அந்தத் தொடர்பு அறுந்தது. ஆனால் எல்லிங்டன் மீதே குழுவினருக்கும் அதே மனக்குறை உண்டு. அவர்கள் ஒத்திகையிலே ஊதிய துணுக்குகள் அவர் பெயரிலே பாடல்களாயின. ஜானி ஹாட்ஜஸ் மேடையிலேயே அவர் பக்கம் திரும்பி, நோட்டு எண்ணுவது போல விரலை அசைத்துக் காட்டுவாராம்! ஸ்ட்ரேஹார்னின் உழைப்பும் பல இடங்களிலே பெயரின்றிக் கிடந்தது. பெரிய மனிதரின் நிழலிலே நிற்பவர்களுக்கு இந்தத் துன்பம் எங்கும் உண்டு. தலைமையிலே இருப்போர் இதையும் படித்துக்கொள்ள வேண்டும்.

ஓடும் மாளிகை

1930-களிலே தென் மாநிலங்களுக்குப் பயணம். அங்கே கறுப்பனுக்கு ஓட்டலில் அறை கிடையாது. உணவுக் கடையில் இருக்கை கிடையாது. தண்ணீர்க் குழாய் தனி, கழிப்பறை தனி, இரயிலிலே பெட்டி தனி. இரவெல்லாம் வெள்ளையர் ஆட இசை வழங்கிவிட்டு, விடியும்போது ஒரு வாய்க் காப்பிக்கு வழியின்றி அலைய வேண்டும்.

எல்லிங்டன் என்ன செய்தார்? கெஞ்சினாரா? இல்லை. இரண்டு புல்மன் படுக்கை இரயில் பெட்டிகளையும் ஒரு சாமான் பெட்டியையும் வாடகைக்கு எடுத்தார். ஊர் வந்ததும் ஓரத்து இருப்புப் பாதையிலே பெட்டிகளை நிறுத்தச் செய்தார். அங்கேயே உணவு, அங்கேயே உறக்கம். அங்கிருந்தே வெள்ளை வெளேரென்ற உடையிலே மேடைக்குப் புறப்பாடு! குடியரசுத் தலைவரும் இப்படித்தானே பயணம் செய்கிறார் என்று சொல்லிச் சிரிப்பார். இடம் தர மாட்டேன் என்றவனிடம் இடம் கேட்காமல், தம் இடத்தைத் தாமே சக்கரத்திலே கட்டி இழுத்து வந்தார். அந்த ஓடும் பெட்டியிலே, சக்கரத்தின் தாளத்தைக் கேட்டுக்கொண்டே எழுதியவை ஏராளம்.

மேடையிலே தொடுத்த போர்

கறுப்பன் என்றால் பல்லைக் காட்டும் கோமாளி, கும்பிடு போடும் வேலைக்காரன். இப்படித்தான் அந்நாட்டு நாடகமும் படமும் காட்டி வந்தன. அந்தப் பொம்மையை உடைக்கவென்றே, 1941-ஆம் ஆண்டு ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலே ‘ஜம்ப் பார் ஜாய்’ என்ற இசை நாடகத்தை அரங்கேற்றினார். மேடையிலே ஒருவன் கூடக் கூனவில்லை, குழையவில்லை. மிரட்டல்கள் வந்தன. செப்டம்பர் வரை நாடகம் நடந்தது.

1943-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள், நியூயார்க்கின் கார்னகி மண்டபம். மேல்நாட்டுச் செவ்விசைக்காரர்களின் கோட்டை! அங்கே ‘பிளாக், பிரவுன் அண்ட் பெய்ஜ்’ என்ற நீண்ட இசைக்கோவையை வழங்கினார். ஏறத்தாழ முக்கால் மணி நேரம்! அடிமை வயலின் உழைப்புப் பாட்டிலே தொடங்கி, அந்த நாட்டின் போர்களிலே கறுப்பர் சிந்திய இரத்தத்தைச் சொல்லி, ஹார்லம் வரை வந்து நிற்கும் வரலாறு அது. சனநாயகத்தைக் காக்க உலகப் போர் நடந்த நேரம். அந்தப் போருக்குச் சென்ற கறுப்புச் சிப்பாயைத் தனிப் படையிலே பிரித்து வைத்திருந்த நேரம். ஏடுகளின் விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். ஜாஸ்காரன் செவ்விசைக்கு ஆசைப்படலாமா என்று ஒரு சாரார்; ஜாஸை விட்டுவிட்டானே என்று மறு சாரார். அந்த இசைக்கோவையை மீண்டும் முழுமையாக வழங்கியது மிகச் சில தடவைதான்.

ஆனாலும் குறை கூறியோர் உண்டு. 1951-இல் ரிச்மண்டு நகரத்திலே, இனம் பிரித்து உட்கார வைக்கும் மண்டபத்திலே வாசிக்க ஒப்புக்கொண்டதற்காகக் கறுப்பர் உரிமைச் சங்கமே எதிர்ப்புத் தெரிவித்தது. அந்தக் கோபம் நியாயமானதே. இரயில் பெட்டி ஒரு குழுவின் மானத்தைக் காக்கும். ஓர் இனத்தின் மானத்தைக் காக்கப் பெட்டி போதாது, போராட்டம் வேண்டும். அதையும் அவர் உணர்ந்தார். 1960 பிப்ரவரியில், பால்டிமோர் நகரத்திலே மாணவர்களுடன் ஓர் உணவு விடுதிக்குள் நுழைந்தார். 60 வயது, உலகப் புகழ். பரிமாற முடியாது என்றார்கள்! செய்தி ஏடுகளிலே வந்தது. 1963-இல் அலபாமா மாநிலத்து பர்மிங்காம் நகரிலே, உரிமை கேட்ட கறுப்புச் சிறுவர்கள் மீது போலீசார் நாயை ஏவினார்கள். தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சினார்கள். அந்த ஆகஸ்டிலேயே சிகாகோவில் ‘மை பீப்பிள்’ — என் மக்கள் — என்ற இசை நிகழ்ச்சியை வழங்கினார். பர்மிங்காம் போராட்டத்தைப் பற்றிய பாட்டு அதிலே இடம்பெற்றது. மார்ட்டின் லூதர் கிங்கை அவர் சந்தித்ததும் அப்போதுதான்.

சென்னைக்கும் வந்தார்

அடுத்த மாதமே ஒரு வேடிக்கை. அமெரிக்க அரசு எல்லிங்டன் குழுவைத் தன் செலவிலே கிழக்கு நாடுகளுக்கு அனுப்பியது. டமாஸ்கஸ், அம்மான், காபூல், டெல்லி, ஐதராபாத், பெங்களூர், சென்னை, பம்பாய், கல்கத்தா, கொழும்பு என்று நீண்ட பயணம். ஆம், நம் சென்னைக்கும் வந்தார் அந்தக் கோமகன்! வெளிநாட்டிலே காட்டக் கறுப்புக் கலைஞன் வேண்டும். உள்நாட்டிலே அவனுக்கு ஒரு தட்டுச் சோறு கிடையாது! குழு வெளிநாட்டிலே இருக்கும்போதே, செப்டம்பர் 15-ஆம் நாள், பர்மிங்காம் தேவாலயத்திலே வெறியர்கள் வைத்த குண்டுக்கு நான்கு கறுப்புச் சிறுமிகள் பலியானார்கள். சென்ற இடமெல்லாம் செய்தியாளர்கள் நிறவெறியைப் பற்றிக் கேட்டார்கள். அவருக்கு எத்தனை சங்கடம் அது! தம் நாட்டையும் விட்டுக் கொடுக்க முடியாது. தம் மக்களையும் மறக்க முடியாது.

டெல்லியிலே உடல் நலம் குன்றி மருத்துவமனையில் படுத்தார். நவம்பர் 22-இல் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்டபோது குழு துருக்கியில் இருந்தது; பயணம் பாதியில் நின்றது. அந்தப் பயணத்தின் நினைவிலே அவரும் ஸ்ட்ரேஹார்னும் ஆக்கிய ‘பார் ஈஸ்ட் சூட்’ 1966-இல் பதிவாயிற்று. அதிலே டெல்லியிலே கேட்ட ஒரு மைனாவின் குரலும் இசையாகி நிற்கிறது.

பரிசும் பணமும்

1965-இல் அமெரிக்காவின் பெரும் பரிசான புலிட்சரை, வாழ்நாள் பணிக்காக எல்லிங்டனுக்குச் சிறப்பாக வழங்க வேண்டும் என்று இசைத் துறை நடுவர்கள் பரிந்துரைத்தார்கள். மேலே இருந்த குழு மறுத்தது. அந்த ஆண்டு இசைக்குப் பரிசே இல்லை! மூன்று நடுவர்களிலே இருவர் பதவியைத் தூக்கி எறிந்தார்கள். எல்லிங்டனுக்கு வயது 66. என்ன சொன்னார்? விதிக்கு என் மேல் அன்பு. இந்தச் சின்ன வயதிலேயே நான் அதிகப் புகழ் அடைந்துவிடக் கூடாதென்று பார்க்கிறது என்றார்! விதியை நாம் நம்புவதில்லை. ஆனால் விதியின் பெயரைச் சொல்லி அந்தக் குழுவின் முகத்திலே அவர் பூசிய கரியை நன்றாகப் பார்க்க முடிகிறது.

அவர் கடவுள் நம்பிக்கை உடையவர். இறுதிக் காலத்திலே தேவாலயங்களிலே பக்தி இசை வழங்கினார். நம் பாதை அதுவல்ல; அதற்காக அதை மறைக்கவும் மாட்டோம்.

1969 ஏப்ரல் 29. அவருடைய எழுபதாவது பிறந்தநாள். வெள்ளை மாளிகையிலே விருந்து! குடியரசுத் தலைவர் நிக்சன் நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதான விடுதலைப் பதக்கத்தை அணிவித்தார். நாம் நினைவிலே வைக்கச் சொன்னது இதற்குத்தான், தோழர்களே. தந்தை தட்டு ஏந்திய மாளிகையிலே தனயன் தலைமை விருந்தினர்! கன்னத்துக்கு இரண்டாக நிக்சனுக்கு நான்கு முத்தம் கொடுத்தார் கோமகன்.

1974 மே 24-இல் நியூயார்க்கிலே மறைந்தார். இறுதி நிகழ்ச்சிக்குத் திரண்டவர்கள் 12,000-க்கு மேல். நூற்றாண்டான 1999-இல் புலிட்சர் குழு சிறப்புப் பாராட்டை வழங்கியது. அவர் மறைந்து 25 ஆண்டு கழித்து! 2009-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட கால் டாலர் நாணயத்திலே, பியானோவின் அருகே அமர்ந்திருக்கிறார் எல்லிங்டன். பக்கத்திலே, வாஷிங்டன் நகரத்தின் குறிக்கோளாக, ‘அனைவருக்கும் நீதி’ என்ற சொற்கள். ஹார்லத்துக் காட்டன் கிளப்போ 1936-லேயே மூடிக் கிடந்தது.

நாணயத்திலே பொறித்துவிட்டால் நீதி வந்துவிடுமா? வராது. அது அந்நாட்டுக் கறுப்பு மக்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனால் இழிவு செய்தவனின் கஜானாவிலிருந்தே அந்த முகம் அச்சாகி வருகிறதென்றால், அதற்குப் பின்னாலே ஓர் ஐம்பதாண்டு உழைப்பு இருக்கிறது. தெருவிலே அடிபட்ட ஆயிரமாயிரம் பேரின் போராட்டம் இருக்கிறது. இரண்டிலே ஒன்று குறைந்திருந்தாலும் அது நடந்திராது.

கிளைக் கழகத்திலே பத்துப் பேரை வைத்து வேலை செய்யும் தோழனுக்கு ஒரு சொல். உன்னிடம் இருப்பவன் ஒருவன் உறுமுவான், ஒருவன் உருகுவான். ஒருவனுக்குப் பேச வரும். ஒருவனுக்குச் சுவரெழுத வரும். ஒருவனுக்கு இரவெல்லாம் கொடிமரம் நட வரும். அவனவன் பெயரைத் தாளிலே எழுது. அவனவன் செய்ததை அவனவன் பெயராலேயே ஊரறியச் சொல். கோமகன் எல்லிங்டன் செய்த முதல் காரியத்தைப் பின்பற்று; செய்யத் தவறிய இரண்டாவதையும் சேர்த்துச் செய்!